குந்தலாவின் வெள்ளைத் தட்டு

எங்கள் அங்கன்வாடிக்கு மூன்று படிகள். என் தங்கை குந்தலா இரண்டாவது படியில் நின்றுவிடுவாள். தோளில் பதிவேட்டுப் பை தொங்கும், இடுப்பில் யார் வீட்டுப் பிள்ளையாவது இருக்கும். சுவரில் கையை ஊன்றி, மறந்துபோன எதையோ நினைத்துப் பார்ப்பவள்போல முகத்தை வைத்துக்கொள்வாள். மூச்சு வாங்குவது தெரியக்கூடாது என்பதற்காக அந்த முகம். மூன்று வருடம் நான் அதை நம்பினேன். கூடப் பிறந்தவள், ஒரே வீட்டில் இருக்கிறவள், ஒரே இடத்தில் வேலை பார்க்கிறவள் நான். அப்படியும் நம்பினேன் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது ஒடிசாவில், பைதரணி ஆற்றங்கரையில் நுவாசாஹி கிராமம். குந்தலா இருபத்து மூன்று வருடமாக இங்கே அங்கன்வாடி ஊழியர். ஊர் அவளை அக்கா முறை வைத்துத் தீதி என்று கூப்பிடும். அவளைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் அவள் தீதிதான். நான் அதே மையத்தில் உதவியாளர். சமைப்பது, கூட்டுவது, பிள்ளைகளுக்குக் கை கழுவி விடுவது என் வேலை. அவள் பத்தாவது தேறியவள், நான் ஐந்தாவதோடு நின்றவள். அதனால் வேலையில் தங்கை மேலே, அக்கா கீழே. அதில் எனக்குக் குறை எதுவும் இருந்ததில்லை. அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியது நான். எனக்கு இடது கால் சிறுவயதிலேயே சூம்பிவிட்டதால் கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு ஆயிற்று, இருபத்து மூன்று வயதில் கணவனை இழந்து, பிள்ளை இல்லாமல் அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தாள். வந்த ஆறாவது மாதம் இந்த வேலைக்கு மனு எழுதினாள். மனுவை மூன்று முறை திருத்தி எழுதவைத்தது நான். ஒரு அடித்தல்கூட இருக்கக்கூடாது என்று சொன்னேன்.

அவள் வேலையை எப்படிச் செய்வாள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நர்ஸ் வந்து கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் பார்க்கும் நாள். அன்று காலையில் குந்தலா ஒரு முறத்தைக் கழுவித் துடைத்து, அதில் காய்களையும் பழங்களையும் நிறம் பிரித்து அடுக்குவாள். பூசணிக் கீற்று, பழுத்த பப்பாளி ஒரு பக்கம். முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி ஒரு பக்கம். செங்கீரைத் தண்டு, தக்காளி ஒரு பக்கம். கத்தரிக்காய், கிடைக்கிற காலத்தில் நாவல்பழம் ஒரு பக்கம். நடுவில் ஒரு கிண்ணம் வெள்ளைச் சோறு. முறத்தை எல்லார் முன்னாலும் வைத்துவிட்டு நடுக் கிண்ணத்தை மட்டும் தூக்கிக் காட்டுவாள்.

"இது வயித்துக்கு. இது மட்டும் போதும்னு நினைச்சுத்தான் நாம வளர்ந்தோம். கண்ணுக்கு யாரு போடுவா? ரத்தத்துக்கு யாரு போடுவா? சளி புடிக்காம இருக்கறதுக்கு யாரு போடுவா?" என்பாள். பிறகு முறத்தைத் தட்டுவாள். "ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு வேலைக்காரி. ஒருத்தி வேலைய இன்னொருத்தி செய்யமாட்டா. எல்லாரையும் தினம் கூப்பிடணும்."

பிள்ளைகளிடம் சாப்பிட்டு முடித்ததும் கேட்பாள்: "இன்னிக்கு எத்தனை நிறம் தின்னே?"

"மஞ்ச, பச்சை, அப்புறம் உப்பு," என்று ஒரு பயல் சொன்னான். அதையும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள்.

வீண் பேச்சில்லை அது. கெவுட் தெருவில் ஒரு பெண் குழந்தை பொழுது சாய்ந்தால் வாசற்படியில் இடறி விழுந்துகொண்டிருந்தது. மாலைக்கண். மருந்துக்கு நர்ஸிடம் அழைத்துப் போனது குந்தலா. அதற்குப் பிறகும் நான்கு மாதம் தினம் அந்த வீட்டுக்கு நடந்து, தட்டில் பூசணியும் கீரையும் விழுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். அந்தப் பெண் இப்போது இருட்டும் நேரத்தில் சைக்கிளில் டியூஷன் போய் வருகிறாள்.

முறத்தில் வைக்கும் பூசணி எங்கள் கூரையில் காய்த்தது. பப்பாளி எங்கள் கொல்லையில் பழுத்தது. மரத்தில் பழம் மஞ்சளிக்கும்போதே "நானி, அது வெள்ளிக்கிழமைக்கு" என்று சொல்லிவிடுவாள். நானி என்றால் அக்கா. நான் பறித்து வைப்பேன். முறத்தில் இருந்த காய்களைக் கூட்டம் முடிந்ததும் பங்கு போட்டு யாராவது ஒரு கர்ப்பிணியின் முந்தானையில் கட்டிவிடுவாள். வெறும் முறத்தோடு நாங்கள் வீடு திரும்புவோம்.

வீட்டில் அவள் சாப்பிட்டது பழைய சோறு. முந்தின ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்ததை மூன்றரை மணிக்கு வந்து, உப்பும் ஒரு இஞ்சித் துண்டும் வைத்துக்கொண்டு சாப்பிடுவாள். நான் பொரியல் வைத்திருந்தால், "ராத்திரிக்கு ஆகட்டும்" என்பாள். ராத்திரி பசிக்கவில்லை என்பாள். மையத்தில் வெந்ததில் ஒரு கரண்டிகூட வாயில் வைக்கமாட்டாள். அது பிள்ளைகள் பங்கு. கணவன் இறந்த வருடம் புரிக்குப் போய், பிரபு ஜெகந்நாதர் சமையலறைக்குள் போகாத எதையும் தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டு வந்தாள். அதனால் மீன் போயிற்று, முட்டை போயிற்று, தக்காளி, காலிபிளவர், உருளைக்கிழங்கு எல்லாம் போயிற்று. விரதத்தில் போனது பாதி. மீதியெல்லாம் அலுப்பில் போயிற்று. நறுக்கி, வதக்கி, உட்கார்ந்து சாப்பிட அவளுக்குத் தெம்பில்லை. தெம்பில்லாததால் சாப்பிடவில்லை, சாப்பிடாததால் தெம்பில்லை. சோற்றைக் கிராம் கணக்கில் அளந்து போடுகிற நான், என் எதிரில் இருந்த தட்டு வருடக்கணக்காக வெள்ளையாகவே இருந்ததைக் கணக்கில் எடுக்கவில்லை.

போன கார்த்திக மாதம், இரண்டாவது வெள்ளிக்கிழமை. நர்ஸ் சஞ்ஜுக்தா விரலில் குத்தி ரத்தம் பார்க்கும் சின்னக் கருவியோடு வந்திருந்தாள். பதினோரு பெண்கள். கடைசியாக பரிடா வீட்டு மருமகள் ஜிலி, ஆறாம் மாதம், முதல் பிள்ளை. அவளுக்கு ஏழு புள்ளி எட்டு வந்தது. பதினொன்றாவது இருக்கவேண்டும்.

"மாத்திரை முழுங்கறியா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"குமட்டுது."

"சாப்பிட்டுட்டு முழுங்கு. கீரை தின்னு, மேல எலுமிச்சம்பழம் புழிஞ்சுக்கோ. சாப்பிட்ட கையோட டீ குடிக்காதே. ஒன்பதாவது மாசத்துலயும் இப்படியே இருந்தா இங்க பிரசவம் பார்க்க மாட்டோம். ஜில்லா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்."

ஜிலியின் மாமியார் கேதகி மாவுசி, ஊருக்கெல்லாம் சித்தி முறை, பின்னால் நின்றிருந்தாள். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாள். "கீரை குளிர்ச்சி. பப்பாளி பேச்சே வேண்டாம். பூசணி தின்னா புள்ள மஞ்சளாப் பொறக்கும். எங்க அண்ணி ஒருத்தி தின்னுட்டு அப்படித்தான் பெத்தா. மஞ்சக்கிழங்கு மாதிரி."

"மாவுசி, பழுத்த பப்பாளிய இப்போதைக்கு விடுங்க, பிரசவத்துக்கு அப்புறம் பேசலாம்," என்றாள் குந்தலா. "பூசணிக்கும் காமாலைக்கும் சம்பந்தம் இல்ல. நிறம் வயித்துலயே நின்னுடும், புள்ள தோலுக்குப் போகாது."

"போகாதுன்னு நீ எந்தப் புள்ளையில பார்த்தே?"

கேட்டிருக்கக்கூடாத கேள்வி. குந்தலா பதிவேட்டில் தேதி எழுதினாள்.

ஜிலிக்கு அது பொறுக்கவில்லையோ, மாமியார் சொன்னதை மாற்ற நினைத்தாளோ, சிரித்துக்கொண்டே வேறொன்று சொன்னாள். "இதெல்லாம் தின்னா தீதி மாதிரி ஆவேன், இல்லியா? தீதிதான் இருபது வருசமா சொல்றாங்க. அவங்க கண்ணுக்குக் கீழ பாருங்க, சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி இருக்கு."

பெண்கள் சிரித்தார்கள். கேதகி மாவுசி பிடித்துக்கொண்டாள். "அதானே. ஊர் விரலையெல்லாம் குத்துறியே குந்தலா, உன் விரல்ல என்ன பாலா ஓடுது? குத்திக் காட்டேன்."

"எனக்கு எதுக்கு மாவுசி, நான் என்ன மாசமா இருக்கேனா?"

"பயமா இருக்குன்னு சொல்லு."

பேச்சை முடிக்க வேண்டும் என்றுதான் அவள் விரலை நீட்டினாள். நர்ஸ் குத்தினாள். ரத்தம் சொட்டாக வர நேரம் ஆயிற்று. விரலை இரண்டு தடவை அமுக்கினாள். கருவியைப் பார்த்தாள், பார்த்துவிட்டு மடியில் கவிழ்த்து வைத்தாள். பக்கத்தில் இருந்த ஜிலி படித்தவள், அதற்குள் பார்த்துவிட்டாள்.

"ஆறு புள்ளி நாலு," என்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிரிப்பு நின்றுபோயிற்று. கேதகி மாவுசிக்கு எண் புரியாது. "அது கூடவா, குறைச்சலா?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லாததில் அவளுக்குப் புரிந்தது.

நர்ஸ் சஞ்ஜுக்தா எங்களைத் தனியாக அழைத்துப் போய்ப் பேசினாள். "தீதி, நீங்க நடக்கறதே பெரிசு. ரத்தம் பாதிதான் இருக்கு, இதயம் ரெண்டு மடங்கு வேலை செய்யுது. அது எத்தனை நாளைக்குச் செய்யும்னு எனக்குச் சொல்லத் தெரியாது."

திங்கட்கிழமை டாக்டரிடம் போனோம். டாக்டர் கேட்கக் கேட்கத்தான் எனக்கே தெரிந்தது. மூன்று வருடமாக அவளுக்கு மாதவிலக்கு பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று போய்க்கொண்டிருந்திருக்கிறது. வயது நாற்பத்தேழு, இந்த வயதில் அப்படித்தான் என்று நினைத்து என்னிடம்கூடச் சொல்லவில்லை. டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, பயப்பட ஒன்றும் இல்லை என்று அதை நிறுத்த ஒரு மருந்து கொடுத்தார். ரத்தத்துக்கு இரும்பு மாத்திரை, நாளுக்கு இரண்டு. இவள் ஊருக்கெல்லாம் எண்ணிக் கொடுக்கும் அதே மாத்திரை.

"ரத்தம் ஏத்திடலாம், இன்னிக்கே படுங்க," என்றார்.

"மையத்த யாரு பார்ப்பாங்க சார்?" என்றாள் குந்தலா.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். கடைசியில் அவர் ஆறு வாரம் கொடுத்தார். மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ உடனே வரவேண்டும். ஆறு வாரத்தில் எட்டைத் தொடவேண்டும். தொடாவிட்டால் பேச்சில்லாமல் வந்து படுக்கவேண்டும். "மாத்திரை மட்டும் போதாது. வயித்துல ஏதாவது இருக்கணும். நல்லா, எல்லாக் காயும். உங்களுக்கு நான் சொல்லவேண்டாம்," என்றார். அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

நான்காவது நாள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். பழைய சோற்றின் மேல் அதைப் போட்டால் வயிறு எரிந்து ஓங்கரித்தது. பொரியல் வைத்துக் கொடுத்தேன். "கார்த்திகம் முடியட்டும் நானி. ஒருவேளைதானே சாப்பிடறேன், அதுல எத்தனைய திணிக்கறது," என்றாள். கார்த்திகம் முழுக்க ஒருவேளை உணவு, மஞ்சள் சேர்க்காமல். விதவைகள் பலர் இங்கே அப்படி இருப்பார்கள். நாட்காட்டியைப் பார்த்தேன். மாதம் முடிய இன்னும் பதினாறு நாள். ஆறு வாரத்தில் நான்கு நாள் ஏற்கெனவே போயிற்று, இந்தப் பதினாறும் போய்விட்டால் மீதி இருபத்திரண்டு.

"பிரபுவுக்குத் தினம் டால்மா பருப்புக் குழம்புல பூசணி போகுதா இல்லியா?" என்று கேட்டேன்.

"போகுது."

"கீரை?"

"போகுது."

"அவர் தட்டுல இருக்கு. உன் தட்டுல ஏன் இல்ல? நீ அவருக்கு மேல விரதமா?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படக்கூடத் தெம்பில்லாமல் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். சாயங்காலம் நான்கரை மணி. அந்த நேரத்தில் அவள் படுத்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் கேதகி மாவுசி எங்கள் வீட்டுக்கு வந்தாள். பரிவாக வரவில்லை; சண்டைக்கு வருகிறவள்போல முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள்.

"உன் தங்கச்சிய என்னன்னு கேளு பிமலா. என் மருமக ஒரு மாத்திரையும் முழுங்கமாட்டேங்கறா. தீதி முழுங்கினா நான் முழுங்கறேன், தீதி தின்னா நான் தின்னறேங்கறா. எத்தனை வாய் தீதி வாங்கறாங்களோ அத்தனை வாய். எனக்கு அவ புள்ள உசுரோட வேணும், அவளும் வேணும். அவ சாப்பிடலேன்னா அது யாரு பாவம்?"

குந்தலா உள்ளேயிருந்து வந்தாள். "ஜிலி விளையாடுறா மாவுசி."

"விளையாட்டுத்தான். உசுர வச்சு விளையாடுறா. உங்கிட்டதான் கத்துக்கிட்டா."

குந்தலா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேறொருத்தி சாப்பிடாமல் இருப்பதை அவளால் தாங்கமுடியாது. எனக்கு அது தெரியும், அந்தப் பெண் ஜிலிக்கும் எப்படியோ தெரிந்திருக்கிறது.

"ஒருவேளைதான்," என்றாள் கடைசியில். "மஞ்சள் போடக்கூடாது. மையத்துச் சாமான் ஒரு பருப்புகூட சேரக்கூடாது."

"அந்த ஒருவேளை முழுசா இருக்கட்டும்," என்றேன் நான்.

அன்றிலிருந்து நான் காலையில் வீட்டிலேயே ஒரு பானை தனியாக வைத்தேன். எங்கள் கூரைப் பூசணி, எங்கள் முருங்கை, எங்கள் வாழைக்காய். செங்கீரை கேதகி மாவுசியின் பாத்தியிலிருந்து வரும். அவளே பறித்து, வேரில் மண் ஒட்டியிருக்கக் கொண்டுவந்து போடுவாள். காய்களைக் கட்டைவிரல் கணுவளவு நறுக்குவேன். பூசணியைக் கடைசியில் போட்டால் குழையாது. சீரகமும் இஞ்சியும் தட்டிப் போட்டு இறக்குவேன். கீரையை மூடாமல் வதக்கினால் பச்சை மாறாது. பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கிய பிறகு, ஒரு மணிக்கு, மையத்தின் பின்னறையில் இரண்டு தட்டு.

முதல் நாள் சிரமமாக இருந்தது. ஜிலி தட்டைத் தொடாமல் குந்தலாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குந்தலா ஒரு வாய் வைத்தாள். இவள் ஒரு வாய். குந்தலா கீரையை ஒதுக்கினாள். இவளும் ஒதுக்கினாள்.

"தின்னு ஜிலி."

"நீங்க தின்னுங்க தீதி."

"ரெண்டு பேரும் தின்னுங்கடி, எனக்குப் பாத்திரம் கழுவணும்," என்றேன்.

பூசணி வந்தபோது கேதகி மாவுசி குறுக்கே கை நீட்டினாள். மூன்றாவது ஆளாக அவளும் தினம் வந்து சுவரோரம் உட்காருவாள். "இது வேணாம். மத்ததெல்லாம் சரி."

குந்தலா விவாதத்துக்குப் போகவில்லை. இருபத்து மூன்று வருடம் விவாதித்தவள். "நீங்க தின்னு பாருங்க மாவுசி. நீங்க மஞ்சளாகலேன்னா அவளுக்குக் குடுங்க," என்று மட்டும் சொன்னாள்.

அவள் அதை அலுத்துப்போய்ச் சொன்னாள். கேதகி மாவுசி அப்படியே எடுத்துக்கொண்டாள். எட்டு நாள் தினம் ஒரு கிண்ணம் பூசணி சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு வெளிச்சத்தில் போய் உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பாள். கண்ணின் கீழிமையை இழுத்து என்னிடம் காட்டுவாள். "மஞ்சளாச்சா? சரியாப் பாரு. உனக்குத்தான் எல்லாம் சரியாப் பார்க்கத் தெரியுமே."

"வெத்தலக் காவிதான் இருக்கு மாவுசி, பல்லுல."

எட்டாம் நாள் தானே ஒரு கரண்டி எடுத்து மருமகள் தட்டில் போட்டாள். "தின்னு. நல்லா இனிப்பா இருக்கு. இத்தனை வருசம் மாட்டுக்குப் போட்டேன்."

இப்படிச் சொல்வதால் எல்லாம் சிரிப்பாக நடந்தது என்று நினைக்கவேண்டாம். குந்தலா தினமும் சாப்பிடும்போது வியர்த்தாள். சில நாள் பாதியில் எழுந்துபோய்க் கொல்லையில் நின்றுவிட்டு வந்தாள். மாத்திரை உள்ளே தங்கியது, ஆனால் மலம் கறுத்தது, வாய் இரும்பாய்க் கசந்தது. இரண்டாவது படியில் நிற்பது நிற்கவில்லை. மூன்றாவது வாரம் ஒருநாள், "நானி, எனக்கு வேலைய விட்டுடலாம்போல இருக்கு," என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயில் நான் முதன்முதலாகக் கேட்டேன். நான் வாழைப்பூவை ஆய்ந்துகொண்டிருந்தேன். கொஞ்சநேரம் கழித்து அவளே எழுந்து, எடைக் கருவியைச் சரிபார்க்கப் போனாள்.

கார்த்திகப் பௌர்ணமி வந்தது. ஊர் வழக்கப்படி ஆற்றில் வாழைமட்டைத் தோணி விட்டோம். விரதம் முடிந்தது, இரண்டு வேளை ஆயிற்று. வேண்டுதலை அவள் விடவில்லை. தக்காளியும் முட்டையும் இன்றுவரை தொடவில்லை, நானும் அதைப் பேசவில்லை. பிரபு விட்டுவைத்த நிறங்களே போதுமான அளவு இருந்தன. நான் எண்ணினேன். கொய்யா, வாழைப்பழம், நெல்லிக்காய் சேர்த்தால் ஒரு வாரத்தில் பதினான்கு வகை.

ஆறாவது வாரக் கடைசியில் நர்ஸ் வந்தாள். இந்தத் தடவை குந்தலாவே முதலில் உட்கார்ந்தாள். ஜிலி அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு எட்டிப் பார்த்தாள். ரத்தம் உடனே வந்து விரல் நுனியில் உருண்டு நின்றது. அதன் நிறத்தை நான் பார்த்தேன்.

"எட்டு புள்ளி மூணு," என்று நர்ஸ் உரக்கச் சொன்னாள்.

"அது கூடவா, குறைச்சலா?" என்றாள் கேதகி மாவுசி.

"கூட. ஆனா இன்னும் பன்னெண்டுக்குப் போகணும். ஆறு மாசம் ஆகும்."

ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டியதில்லை. குந்தலா விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்து, முறத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். நடுக் கிண்ணத்தை எடுத்துக் காட்டினாள். வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. "இது நான்," என்றாள். "இத்தனை வருசம்." அவ்வளவுதான். கிண்ணத்தை வைத்துவிட்டு, "ஜிலி, வா, விரலைக் குடு," என்றாள். ஜிலிக்கு ஒன்பது புள்ளி ஆறு வந்திருந்தது.

மாக மாதம் ஜிலிக்கு இங்கேயே, எங்கள் வட்டார ஆஸ்பத்திரியில், ஆண் பிள்ளை பிறந்தது. கேதகி மாவுசி அங்கேயிருந்து நேராக மையத்துக்கு வந்தாள். பிள்ளைகளுக்கு நான் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

"மஞ்சளும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க வீட்டு ஆளுங்க மாதிரி நல்ல கறுப்பு," என்றாள். "தாயும் சேயும் இருபத்தோரு நாள் வெளிய வரமாட்டாங்க. நான் கீரை பறிச்சுக் கொண்டாந்து போடுவேன், ஆனா உட்கார நேரமில்ல."

அவள் போன பிறகுதான் அதன் அர்த்தம் எனக்கு உறைத்தது. நாளை ஒரு மணிக்குப் பின்னறையில் ஒரு தட்டுத்தான். எதிரில் ஆள் இல்லை. பார்க்க மாமியாரும் இல்லை. தங்கை எனக்காகச் சாப்பிடமாட்டாள்; தனக்காகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அன்று வீட்டுக்குப் போய்ச் சோற்றில் தண்ணீர் ஊற்றாமல் இருந்தேன். பழைய சோறு இல்லையென்றால் என்ன செய்வாள் பார்க்கலாம் என்று. அது சின்னத்தனம்தான்.

மறுநாள் பிள்ளைகள் தூங்கினார்கள். வழக்கம்போலச் சமைத்துக் கொண்டுவந்த பானையைப் பின்னறையில் வைத்துவிட்டு, வாளியும் துடைப்பமுமாக நான் வாசல் பக்கம் போய்விட்டேன். கூப்பிடவும் இல்லை, தட்டு வைக்கவும் இல்லை. குந்தலா போனில் எதையோ பதிந்துகொண்டிருந்தாள். ஒரு மணி ஆயிற்று. ஒன்றேகால் ஆயிற்று. நான் மூன்று படியையும் கழுவினேன், கழுவிய படியையே மறுபடி கழுவினேன்.

ஒன்றரைக்குப் பின்னறையில் பானை மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு தட்டு. ஒரே தட்டு. கரண்டி இரண்டு முறை இடித்தது. பிறகு சத்தமில்லை. நான் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றேன்.

"நானி," என்றாள் உள்ளேயிருந்து. குரல் அலுப்பாகத்தான் இருந்தது. "எலுமிச்சம்பழம் எங்க வச்சே?"

"உறியில பாரு," என்றேன்.

"எட்டலை. வந்து எடுத்துக் குடு. கீரை ஆறுது."

காலை இழுத்துக்கொண்டு உள்ளே போய் எடுத்துக் கொடுத்தேன். பாதியை அவள் பிழிந்துகொண்டாள். மீதிப் பாதியைப் பானைப் பக்கம் தள்ளி, "உனக்கு எங்க தட்டு?" என்றாள்.